ஒரே பட்டாலியன், மூன்று புத்தகங்கள்: பதுங்குகுழி வாழ்க்கையை எதில் படிப்பது?

முதல் உலகப்போரில் மேற்குப் போர்முனையில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய் என்ன தின்றான், எப்போது தூங்கினான், யார்மீது எரிச்சல்பட்டான் என்று சொல்ல ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அத்தனையையும் புரட்ட வேண்டியதில்லை. ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் என்ற காலாட்படை ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாலியனைப் பிடித்துக்கொண்டால் போதும். ஓர் இளம் அதிகாரி, ஒரு சாதாரண சிப்பாய், ஒரு மருத்துவர் என்று மூன்று பேர் அதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் முதலில் எடுப்பது அந்த இளம் அதிகாரி ராபர்ட் கிரேவ்ஸின் 'குட்பை டு ஆல் தட்' (1929). விறுவிறுவென்று ஓடும். அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் கேப்டனுக்குக் கீழே உள்ளவன் விஸ்கியைத் தொடக்கூடாது, கிராமபோனில் கை வைக்கக்கூடாது, புதிதாக வந்த இளசுகளுக்குப் பட்டப்பெயர் 'மரு'. இப்படிப்பட்ட விஷயங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. டீக்கு வெந்நீர் வேண்டுமென்று விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியைச் சும்மா சுட்டுத் தள்ளினார்கள் என்கிறார். கணக்குப்படி நடக்கக்கூடியதுதான். குழலைச் சுற்றிய உறையில் 4 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். விடாமல் 3 நிமிடம், அதாவது சுமார் 600 தோட்டா சுட்டால் கொதித்துவிடும். 250 தோட்டா பெல்ட்டில் கிட்டத்தட்ட இரண்டரை. இடிப்பது வேறு இடத்தில்: அவ்வளவு நேரம் ஒரே இடத்திலிருந்து சுட்டால் துப்பாக்கி எங்கே இருக்கிறதென்று எதிரிக்குத் தெரிந்துவிடும், தண்ணீரிலும் எண்ணெய் வாடை. என்றைக்கோ நடந்ததை அன்றாட வழக்கமாக்கிவிட்டார் என்றே தோன்றுகிறது. கொஞ்சம் பொய் கலக்காத போர் நினைவு உண்மையாக இருக்க முடியாது என்று பின்னால் அவரே வாதாடினார். அதே போரில் அதிகாரிகளாக இருந்த கவிஞர்கள் சீக்ஃபிரீட் சசூனும் எட்மண்ட் பிளண்டனும் இந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியின் ஓரங்களில் மறுப்பு எழுதியே தீர்த்தார்கள்.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸின் 'ஓல்ட் சோல்ஜர்ஸ் நெவர் டை' (1933) வாங்குங்கள். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி. 1914 ஆகஸ்டில் ரிசர்விலிருந்து அழைக்கப்பட்டு, இரண்டு வீரப் பதக்கம் வாங்கியும் கடைசிவரை சாதாரண சிப்பாயாகவே இருந்தவர். சிக்னல் வேலை என்பதால் அதிகாரிகள் பேசுவதும் காதில் விழும், சிப்பாய்கள் புலம்புவதும் விழும். யாரையும் புனிதராக்கும் பழக்கம் அவருக்கில்லை. குறை என்றால், பத்துப் பதினைந்து வருடம் கழித்து எழுதியது, தேதிக்கு நம்ப வேண்டாம். கையெழுத்துப் பிரதியைச் செப்பனிட்டவர் கிரேவ்ஸ் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிக்கு இருக்கவே இருக்கிறார் பட்டாலியன் மருத்துவர் ஜே.சி. டன். 'தி வார் தி இன்ஃபன்ட்ரி நியூ' 1938இல் பெயர் போடாமல் 500 பிரதி மட்டும் அச்சானது. பலரின் நாட்குறிப்பு, கடிதம், நினைவுகளைக் கோத்து நாள்வாரியாகத் தொகுத்தது. ஒரே மூச்சில் படித்தால் கொட்டாவி வரும். மற்ற இரண்டையும் சரிபார்க்க இதைவிட நல்லதில்லை. சோதிக்க ஒரு நாள்: 1916 ஜூலை 20, பிரான்சில் சோம் சண்டையின்போது ஹை வுட் காடு. கிரேவ்ஸ் குண்டுச் சிதறல் பட்டு விழுந்த நாள்; இறந்துவிட்டதாகப் பிறகு வீட்டுக்குக் கடிதமே போனது. மூன்றிலும் அந்தப் பக்கங்களைத் திறந்து அடுத்தடுத்துப் படியுங்கள்.

ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சாய்வு உண்டு. இது சண்டைக்கார பட்டாலியன். டோனி ஆஷ்வொர்த்தின் 'டிரெஞ்ச் வார்ஃபேர் 1914–1918' (1980) காட்டுவது வேறு முகம்: அமைதியான பகுதிகளில் 'நீயும் இரு, நானும் இருக்கிறேன்' என்று எழுதாத உடன்பாடு. தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் குண்டு விழும். அந்நேரம் அங்கே ஆள் இருக்க மாட்டான். அதைக் கெடுப்பவர்கள் மோர்ட்டார் என்ற குட்டைப் பீரங்கிக்காரர்கள். நாலு குண்டு போட்டுவிட்டு அவர்கள் இடம் மாறிவிடுவார்கள், பதிலடி விழுவது காலாட்படையின் தலையில். சமூகவியலாளர் நடை, சற்று வறட்சி. ஆனாலும் விடக்கூடாத புத்தகம்.

ரிச்சர்ட் ஹோம்ஸின் 'டாமி' (2004) தடிமனான கையேடு. ரம், சம்பளம், குதிரை, பாதிரியார் என்று தலைப்புவாரியாகப் புரட்டலாம். ரம் என்றால், ஒரு காலன் ஜாடி 64 பேருக்கு, ஆளுக்கு 71 மி.லி. ஜாடியில் இருந்த எஸ்.ஆர்.டி. என்ற எழுத்துகளுக்குச் சிப்பாய்கள் சொன்ன விரிவு: 'செல்டம் ரீச்சஸ் டெஸ்டினேஷன்', அதாவது 'வந்து சேர்வது அபூர்வம்'.

எப்போதும் சேற்றிலேயே கிடந்தார்கள் என்ற நினைப்பு இருந்தால், காலாட்படை அதிகாரி சார்லஸ் கேரிங்டன் 1916க்குத் தன் நாட்களை எண்ணிப் போட்ட கணக்கு உதவும்: முன்வரிசையில் 65, அதற்குப் பின்னால் துணைவரிசையில் 36.

பதிப்பு விஷயம். கிரேவ்ஸ் 1957இல் நிறையத் திருத்தினார். கடையில் அதிகம் கிடைப்பது அந்தப் பாடம்தான், 1929 பாடத்தின் சூடு அதில் குறைவு. டன்னுக்கு 1987 மறுபதிப்பே போதும், பழைய 500இல் ஒன்றைத் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.