தகரப் படகு: முப்பது வருஷ உபயோகத்துக்குப் பிறகு

எண்ணெய்த் திரிச் சூட்டில் தண்ணீரில் ஓடும் தகரப் பொம்மைப் படகு, மொத்தம் மூன்று வாங்கியிருக்கிறேன். முதலாவது நாலே நாள். இரண்டாவது ஒரு கோடை லீவுக்குத் தாங்கியது. மூன்றாவது இன்னும் ஓடுகிறது, முக்கி முனகி.

மூன்றுமே தொண்ணூறுகளில், மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் அழுது வாங்கியவை. கடைக்காரர் அகலமான அலுமினியப் பேசினில் இரண்டு படகைச் சுற்ற விட்டிருப்பார். அந்த டப்டப்டப் சத்தம் கேட்டால் டெல்லி அப்பளம்கூட மறந்துபோகும்.

உள்ளே மோட்டார், சாவி, ஸ்பிரிங் எதுவும் கிடையாது. கூரைக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக, தட்டையாக ஒரு பாய்லர். அதிலிருந்து பின்பக்கம் நீளும் இரண்டு குழாய். எரிகிற எண்ணெய்த் திரியை அடியில் தள்ளினால், ஆவி குழாய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். போன தண்ணீரே திரும்பி வந்தால் படகு ஏன் முன்னால் போகிறது? எனக்கு இது காலேஜில்தான் விளங்கியது. மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியுமா? வெளியே போகிற தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சுகிறது, உள்ளே வருவது நாலாபக்கமிருந்தும் வருகிறது. அவ்வளவுதான். 1891லேயே தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சத்தம், பாய்லரின் மெல்லிய மேல்தகடு அமுங்கி எழுவதால் வருவது. தகட்டுக்குப் பதில் சுருள்குழாய் வைத்த படகு சத்தமில்லாமலே ஓடும். என்னைக் கேட்டால் அது படகே இல்லை.

ஓட்டுவதைவிட, ஓட வைப்பதில்தான் வேலை. படகை மூக்கு கீழே இருக்கிற மாதிரி நிறுத்திப் பிடித்து, வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு குழாயில் மெல்லத் துப்ப வேண்டும். அடுத்த குழாயில் வழிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். விரலால் இரண்டையும் அடைத்தபடியே தொட்டியில் இறக்க வேண்டும். காற்று நிறையப் புகுந்துவிட்டால் திரி எரியும், படகு நகராது. முதல் படகை இந்த இடத்தில்தான் கொன்றேன். தண்ணீர் இல்லாத பாய்லரைப் பத்து நிமிஷம் சூடாக்கியதில் ஈயப் பற்று உருகி, குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. அப்பா எம்சீல் வைத்தார். சூட்டில் அதுவும் நிற்கவில்லை.

இரண்டாவதைத் துரு தின்றது. ஈரத்தோடு ஜன்னலில் வைத்தது என் தப்பு. தகர விளிம்பு கட்டைவிரலைக் கிழித்து டி.டி. ஊசி போட்டதும் அதனால்தான். அந்தத் தழும்பு இருக்கிறது.

மூன்றாவதை ஒவ்வொரு முறையும் ஊதி, துடைத்து, வெயிலில் காயவைத்துத்தான் எடுத்து வைப்பேன். இப்போதைய பிரச்சினை போர்வெல் தண்ணீர். உப்புப் படிந்து குழாய் அடைக்கிறது. எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் திறக்கிறது. திரிக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறேன், புகை குறைவு.

அதே வயதில் இரண்டு பென்சில் பேட்டரி போட்ட வீடியோ கேமும் இருந்தது. கட்டை அடுக்கினேன், பேட்டரி தீர்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடையிலேயே ஒரு குழாயில் ஊதிப் பாருங்கள், அடுத்ததில் காற்று வர வேண்டும். பிறகு ஒன்றை விரலால் அடைத்துக்கொண்டு ஊதுங்கள். எங்காவது 'உஸ்' என்றால் அந்தப் படகை வைத்துவிட்டு வேறு எடுங்கள்.