பத்தில் தொடங்கும் ரௌட்டர்கள்: ஒரு ஃபைபர் இணைப்பின் நீண்ட கால அனுபவம்

இந்த ஃபைபர் இணைப்பை எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேகமும் கட்டணமும் அவர் அறிந்தவைதான். அடைமழையிலும் இணைப்பு அறுந்ததில்லை. கூடுதலாகப் பணம் கட்டினால் பொது ஐபி முகவரியை இழுத்தடிக்காமல் தருகிறார்கள். என் எரிச்சல் வேறொன்றில். நிறுவனம் தன் ரௌட்டர்களுக்கு, உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட, பொது இணையத்தில் செல்லாத பிரைவேட் ஐபி முகவரிகளையே வைத்திருக்கிறது. தரவு எந்தெந்த ரௌட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் கருவியை ஓட்டினால், என் வீட்டைத் தாண்டியதும் வரிசையாகப் பத்தில் தொடங்கும் பிரைவேட் முகவரிகள்தான் வருகின்றன. பெயர் எதுவும் வராததால் அது எந்த ஊர் ரௌட்டர் என்று ஊகிக்கவும் வழியில்லை.

பார்வைக்கு மட்டுமான குறை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பழைய ரௌட்டர் இடியில் போய், புதியதை மாட்டியதும் சில தளங்கள் உடனே திறந்தன. சில பாதியிலேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தன. இது பிபிபிஓஇ இணைப்பு, அதாவது ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுத் துண்டிலும்) கொஞ்சம் இடத்தைத் தன் தலைப்புக்கே எடுத்துக்கொள்ளும் முறை. வழக்கமான 1500 பைட் பாக்கெட் இதில் போகாது, 1492 தான் எல்லை. தொலைவிலுள்ள சர்வர் 'உடைக்கக் கூடாது' என்ற குறியோடு பெரிய பாக்கெட்டை அனுப்பினால், நிறுவனத்தின் ரௌட்டர் அதைக் கைவிட்டு, அளவைக் குறைக்கச் சொல்லி சர்வருக்கு ஐசிஎம்பி எனும் பிழையறிவிப்புச் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பவும் செய்கிறது, ஆனால் அனுப்புநர் முகவரி பத்தில் தொடங்குவதால், எதிர்முனையின் வடிகட்டி அதைப் போலி என்று கருதி எறிந்துவிடுகிறது. சர்வரோ அதே பெரிய பாக்கெட்டையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வாடிக்கையாளர் சேவையில் கிடைத்த பதில், "ரௌட்டரை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்." டிசிபி இணைப்பு தொடங்கும்போதே சிறிய பாக்கெட்டுகளை அனுப்பும்படி இரு முனைகளுக்கும் சொல்லிவிடும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் வசதி புதிய ரௌட்டரில் அணைந்து கிடந்தது, அதை இயக்கி 1452 (1492இல் தலைப்புகளுக்கான 40 பைட் போக) என்று வைத்த பிறகே தளங்கள் திறந்தன. டிசிபிக்குப் பதில் யூடிபி என்ற நெறிமுறையில் ஓடும் அலுவலக விபிஎன்னுக்கு அது உதவாததால், விபிஎன்னின் எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, தனியே குறைக்க வேண்டியிருந்தது.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலகப் பொதுத் தொகுப்பில் ஐபிவி4 முகவரிகள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. வெறுமனே பாக்கெட்டைக் கடத்திவிடும் ரௌட்டருக்குப் பொது முகவரி எதற்கு என்று கணக்குப் பார்ப்பது இயல்பு. ஆனால் பிரைவேட் முகவரிகளை ஒதுக்கிய 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமே, அவற்றை அனுப்புநராகக் கொண்ட பாக்கெட்டுகள் நிறுவன எல்லையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆகவே வடிகட்டியவர் மீது பழி இல்லை. இந்த நடைமுறையால் வரும் சிக்கல்களை 2012இல் ஆர்எஃப்சி 6752 விரிவாகவே எழுதி வைத்தது. ரௌட்டர் ஒன்றுக்கு ஒரே ஒரு பொது முகவரியை லூப்பேக் எனும் அதன் உள் இடைமுகத்தில் வைத்து, இணைப்புகளெல்லாம் அதையே இரவல் வாங்கும்படி அமைக்கலாம். அந்தச் செலவுக்குக்கூட மனம் வரவில்லை என்பதுதான் கோபமூட்டுகிறது.

நண்பரே, எடுக்க வேண்டாம். வேறு ஃபைபர் வராத தெருவில் இருப்பதால் நான் மட்டும் அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டியிருக்கிறேன்.