வாட்மேன் எஃப்டிஏ கார்டு: கோழிக்குத் தாராளமாக, இறாலுக்கு யோசித்து

பண்ணையில் மரபணு மாதிரி எடுப்பவர்களுக்கு ஊசியோ கத்தரியோ பெரிய சுமையில்லை, ஐஸ் பெட்டிதான் சுமை. ஐஸ் உருகுவதற்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் எண்கள் மாறிப்போகும், குப்பி கவிழும். அந்த அவசரத்தைப் போக்குவது வாட்மேன் பெயரில் வரும் எஃப்டிஏ கார்டு. பார்க்கத் தடித்த வடிதாள் மாதிரிதான் இருக்கும். ஆனால் தாளுக்குள் எஸ்டிஎஸ், ஈடிடிஏ, டிரிஸ், யூரிக் அமிலம் ஆகிய வேதிப்பொருள்கள் ஊறியிருக்கின்றன. ரத்தம் பட்ட இடத்திலேயே செல் உடைந்து, டிஎன்ஏ தாளின் நார்களுக்குள் சிக்கிக்கொள்ளும். அதை அரிக்கும் நொதிகள் அங்கேயே செயலிழந்துவிடும். காய்ந்த கார்டை உறையில் போட்டு, அறை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோழி, காடை, வாத்துக்குத் தயங்காமல் வாங்கலாம். இறாலுக்கு என்ன சோதனை செய்யப் போகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும். கொடுவா மாதிரியான மீனுக்குத் துடுப்பு நுனியும் 95 சதவீத எத்தனால் குப்பியுமே போதும்.

கோழி ரத்தத்தில் இந்தக் கார்டைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மாதிரி அதிகமாகிவிடுவது. பறவைகளின் சிவப்பணுவில் டிஎன்ஏ அடங்கிய உட்கரு இருக்கிறது, நம் சிவப்பணுவில் இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் கோழி ரத்தத்தில் ஏறத்தாழ 30 லட்சம் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 2.5 பிகோகிராம் டிஎன்ஏ. பெருக்கிப் பார்த்தால் ஒரே மைக்ரோலிட்டரில் 7 மைக்ரோகிராமுக்கு மேல். மனித ரத்தத்தில் இதே அளவுக்கு 30 முதல் 60 நானோகிராம்தான் வரும். கார்டின் ஒரு வட்டம் 125 மைக்ரோலிட்டர் ரத்தத்தைக் குடிக்கும். அப்படி நிரப்பிய வட்டத்தில் 1.2 மில்லிமீட்டர் துளையிட்டு எடுத்த சிறு வில்லையில் சுமார் 0.3 மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது 2 மைக்ரோகிராம் (2,000 நானோகிராம்) டிஎன்ஏ இருக்கும். டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனைக்குத் தேவை 10 முதல் 100 நானோகிராம். கூடவே ஹீமோகுளோபினும் வந்து பிசிஆர் நொதியை முடக்கும். பிசிஆர் விளைவை ஓட்டிப் பார்க்கும் ஜெல்லில் டிஎன்ஏ பட்டையே தெரியாமல் போனதும் “மாதிரி கெட்டுவிட்டது” என்று பலர் கார்டைத் தூக்கி எறிகிறார்கள். கெட்டது மாதிரி இல்லை, அளவு.

இதற்கு வழி எளிது. இறக்கையின் அடிப்பக்கத்தில் முழங்கை மடிப்பை ஒட்டி ஓடும் சிரையில், ஸ்பிரிட் பஞ்சால் இறகை ஒதுக்கித் துடைத்து, காய்ந்ததும் 26 கேஜ் ஊசியால் லேசாகக் குத்த வேண்டும். எழும்பும் ரத்தத்தை அப்படியே வைக்காமல் நீர்க்கச் செய்து வைக்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தை ஒன்பது சொட்டு பிபிஎஸ் எனும் உப்புக் கரைசலில் கலக்கி, அதிலிருந்து ஒரு சொட்டை வட்டத்தின் நடுவில் வைக்கலாம். தேய்க்கக் கூடாது, தானாக ஊற விட வேண்டும். சிரையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பறவையை இறக்கினால் வீக்கம் வராது. ஒரு நாள் குஞ்சுக்கு ஊசியே வேண்டாம். பொரித்த ஓட்டின் உட்சவ்வில் ஒட்டியிருக்கும் சிவப்பு நரம்புக் கிளைகள் குஞ்சின் ரத்தநாளங்கள்தான். அதில் ஒரு துண்டைக் கார்டில் அழுத்தி எடுக்கலாம். ஆனால் முட்டை ஓடும் குஞ்சும் பிரிவதற்கு முன்பே எண் போட்டுவிட வேண்டும்.

உலர்த்துவதில்தான் நம் ஊர் வானிலை விளையாடும். குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் நிழலில், மேலுறை வட்டத்தைத் தொடாதபடி திறந்து வைக்க வேண்டும். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் கூடாது. சூட்டில் புரதம் தாளோடு இறுகிவிட்டால் பிறகு கழுவினாலும் போகாது. மரக்காணம் மாதிரி கடற்கரைக் காற்றில் ஈரத்தோடு மூடிய கார்டில் பூஞ்சை வந்துவிடும். காய்ந்த கார்டை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் உறையில் போடுங்கள். எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனால் பட்டதும் ஓடிவிடும்.

ஆய்வகத்தில் 1.2 மில்லிமீட்டர் வில்லையை எஃப்டிஏ கழுவு திரவத்தில் 200 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், பிறகு 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ மட்டுமே உள்ள டிரிஸ் கரைசலில் இரண்டு முறை கழுவ வேண்டும். ஈடிடிஏ கூடினால் நொதிக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பிசிஆரை நிறுத்திவிடும். உலர்ந்த வில்லையை 25 மைக்ரோலிட்டர் பிசிஆர் கலவைக்குள் நேரடியாகப் போடலாம். காய்ந்த வில்லை நிலைமின்சாரத்தால் துள்ளிப் பக்கத்துக் குழாயில் விழுவது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு பறவைக்கும் இடையில் வெற்றுத் தாளில் இரண்டு துளை போட்டால் துளைக்கருவி சுத்தமாகும்.

எஃப்டிஏ எலூட் என்று வேறு கார்டும் உண்டு, அதை இதுவரை சொன்ன கிளாசிக் கார்டோடு குழப்ப வேண்டாம். எலூட் வில்லையைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் டிஎன்ஏ தண்ணீருக்கு இறங்கிவிடும். ஒரே பறவைக்குப் பல சோதனை செய்கிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் அதில் குவானிடின் தயோசயனேட் இருக்கிறது. பிளீச்சிங் கரைசலோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்பதால் கழிவைத் தனியாக வைக்க வேண்டும்.

எந்தக் குணத்துக்குக் கார்டு வேண்டும், எதற்குக் கண்ணே போதும்? மொட்டைக் கழுத்துக் கோழிக்குக் கண் போதும். கழுத்தின் முன்புறம் கீழே ஒரு கொத்து இறகு இருந்தால் அந்த மரபணு ஒரு பிரதிதான். கொத்தே இல்லாமல் வெறுந்தோலாக இருந்தால் இரண்டு பிரதி. அசில் கோழியின் பட்டாணிக் கொண்டையையும் பார்த்தே குறித்துக்கொள்ளலாம். கடக்நாத் கோழியின் கருமைக்குத்தான் கார்டு கைகொடுக்கும். 20ஆம் குரோமோசோமில் ஈடிஎன்3 மரபணுவைச் சுற்றிய பகுதி இரட்டித்ததால் வந்த கருமை அது. கலப்பில் ஒரு பிரதி வந்தாலும் கறுக்கும், அதனால் தூய இனமா கலப்பா என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரட்டிப்பின் இணைப்பிடத்தைத் தேடும் சாதாரண பிசிஆர் ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். எத்தனை பிரதி என்று அறிய அளவறி பிசிஆர் வேண்டும். குஞ்சின் பாலினத்துக்கு 2550எஃப், 2718ஆர் என்ற பிரைமர் ஜோடி (பிசிஆர் பெருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) நம்பகமானது: சேவலுக்கு சுமார் 600 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளத்தில் ஒரே பட்டை, பெட்டைக்கு அதோடு 450 அளவில் இன்னொன்று. அதே நம்பிக்கையில் கொடுவாவுக்குப் பாலினச் சோதனை கேட்காதீர்கள். அது ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன், அதில் வயதையும் எடையையும் குறித்தால்தான் பாலினக் குறிப்புக்குப் பொருள்.

இறாலில் கார்டின் வலிமை குறைகிறது. இறாலின் ரத்தமான நிறமற்ற ஹீமோலிம்ஃபில் செல்கள் குறைவு, ஊசிக்குள்ளேயே உறைந்தும்விடும். வைத்த இடமும் தெரியாது. ஈரம் பட்டால் இளஞ்சிவப்பிலிருந்து வெளுக்கும் இண்டிகேட்டிங் கார்டை வாங்கினால் அந்தக் குறை தீரும். வனாமி தாய் இறாலில் நீச்சல் கால் நுனியை வெட்டி, கார்டில் வைத்து, பாரஃபிலிம் எனும் மெழுகுப் படலத்தின் மேலிருந்து நசுக்குவது ஊசியைவிட நல்ல பலன் தரும். பிஎல் எனப்படும் இளம் இறால் குஞ்சுகளை அப்படியே நசுக்கக் கூடாது. கண்ணில் உள்ள பொருள்கள் பிசிஆரைத் தடுக்கும், கண்ணை நீக்கிவிட்டு நசுக்க வேண்டும். பெற்றோர் அடையாளம் காண்பதற்கும் வெள்ளைப்புள்ளி வைரஸ் சோதனைக்கும் இது போதும். முழு மரபணுத் தொகுதியை நீண்ட துண்டுகளாக வாசிப்பதற்குக் கார்டு ஆகாது, தாளிலிருந்து நீளமான டிஎன்ஏ முழுசாக வராது. அதற்குத் தசையை எத்தனாலிலோ உறைநிலையிலோ அனுப்புங்கள்.

கார்டில் எழுதும் எண்ணும் உடல் அளவுப் பேரேட்டில் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கோழிக்கு இறக்கைப் பட்டை எண், ஆறாவது வாரத்து எடை, காலின் இறகில்லாத பகுதியின் நீளம். இறாலுக்குக் கொம்பு நுனியிலிருந்து வால்முள் நுனி வரை நீளம், ஈரம் ஒற்றிய பிறகு எடை. இறாலுக்குப் பட்டை கட்ட முடியாது, கண் காம்பில் வளையமோ தோலுக்கடியில் வண்ண எலாஸ்டோமரோ (ரப்பர் போன்ற அடையாளப் பொருள்) போடுவார்கள். நான்கு வட்டக் கார்டில் நான்கு பறவையை வைத்தால் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தோடு மடிக்கும்போது ஒரு வட்டம் இன்னொன்றைத் தொட்டால் நான்கு பறவையின் பதிவும் சந்தேகத்துக்குள்ளாகும். தாய்ப் பறவைகளுக்கு ஆளுக்கொரு கார்டு, குஞ்சுகளுக்கு மட்டும் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.