இருங்காட்டுக்கோட்டையா, செட்டிபாளையமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி கும்பகோணத்தில் குட்டி யானையில் பைக்கை ஏற்றிக் கட்டியாகிவிட்டது. இனி வண்டி அணைக்கரைப் பக்கம் போகணுமா, தஞ்சாவூர்ப் பக்கம் போகணுமா? சொந்த பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கப் போகிற எங்கள் ஊர் நாலைந்து பேருக்குள் இது தீராத வழக்கு. அணைக்கரை வழியாகப் போனால் சேத்தியாத்தோப்பு, விக்கிரவாண்டி, செங்கல்பட்டு, ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. தஞ்சாவூர் வழியாகப் போனால் திருச்சி, கரூர், காங்கேயம், பல்லடம் தாண்டி கோவை செட்டிபாளையம். ஒன்று 280 கிலோமீட்டர் போல, இன்னொன்று 300 சொச்சம். டீசல் கணக்குப் பார்த்து முடிவெடுக்க வழியில்லை.

என் கட்சி செட்டிபாளையம். எங்கள் கூட்டத்தில் அது சிறுபான்மைக் கட்சி. அதனால் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

முதலில் என் பைக்கைச் சொல்லிவிடுகிறேன். யமஹா ஆர்15, 155 சிசி, 142 கிலோ. உரக்கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்கிற வேலை எனக்கு. திங்கள் காலை அதே பைக்கில் பையை மாட்டிக்கொண்டு வலங்கைமான், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று கிளம்ப வேண்டும். ஆகவே ஞாயிறு சாயங்காலம் பைக் முழுசாகத் திரும்புமா என்பதுதான் முதல் கேள்வி. லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகிற நேரம், அதற்கப்புறம்.

தயாரிப்பு இரண்டு டிராக்குக்கும் ஒன்றுதான். கண்ணாடியும் இண்டிகேட்டரும் கழற்ற வேண்டும். ஹெட்லைட்டுக்கு டேப். கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் தாரில் சிந்தினால் சட்டென்று காயாது, பின்னால் வருகிறவனை வழுக்கிவிடும். ஆயில் டிரெயின் போல்ட் ஓட்டத்தில் கழலாமல் இருக்க, அதில் துளை போட்டு லாக் வயர் கட்டவேண்டும். அந்தத் துளையைப் போட்டுக் கொடுத்தது பம்புசெட் ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறை. "இந்தப் போல்ட்டுக்கு எதுக்கு தம்பி மூக்குத்தி?" என்று கேட்டார் பட்டறை அண்ணன்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பெருமை அதிகம். அதை மறுக்க மாட்டேன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் அது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்த பந்தயங்களுக்கு 1990ல் கிடைத்த சொந்த வீடு. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். எங்களுக்கு இன்னும் இருங்காட்டுக்கோட்டைதான். நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. ஸ்ட்ரெயிட் என்கிற நீண்ட நேர்ப் பாதையில் டேங்கோடு டேங்காகப் படுத்துக்கொண்டு முதல் வளைவான சி ஒன்னை நோக்கிப் போகும்போது வருகிற பயம் இருக்கிறதே, அதற்காகவே மாப்ளைகள் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

ஆனால் 155 சிசிக்காரனுக்கு அந்த ஸ்ட்ரெயிட்டில் என்ன வேலை? படுத்துக் கிடப்பதுதான். 130ஐத் தொடுவதற்குள் ஒரு டிவிஎஸ் ஆர்ஆர் 310 பைக் பக்கத்தில் வந்து, எட்டிப் பார்க்கக்கூடச் சோம்பல்பட்டுப் போய்விடும். அதன் பழைய மாடலுக்கே 34 குதிரைத்திறன், என்னுடையதற்குப் பத்தொன்பதுக்கும் குறைவு. என் நல்ல லேப் 2 நிமிடம் 22 நொடி. கணக்குப் போட்டால் சராசரி மணிக்கு 94 கிலோமீட்டர். விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு போகிற காரின் வேகம். இதை வீட்டில் சொல்லவில்லை.

செட்டிபாளையம் டிராக்கின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்தவர் கோவை எஸ். கரிவர்தன். 1995ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 2003ல் திறந்தது. நீளம் இரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். ஒரு வளைவில் செய்த தப்பை நினைத்து வருத்தப்படுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இருபது நிமிட செஷனில் அங்கே எட்டு லேப் என்றால் இங்கே பதின்மூன்று. நான் கட்சி மாறியது இந்த இடத்தில்தான்.

காரணம் எங்கள் ஊர் ரோடு. டெல்டாவில் ரோடு என்பது பாதி களம். தை பிறந்தால் நெல் காயும், அப்புறம் உளுந்து காயும், வைக்கோல் எப்போதும் கிடக்கும். வாய்க்கால் மதகை ஒட்டி ரோடு திரும்பும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வண்டி மாடு நிற்கிறதா, மணல் கொட்டியிருக்கிறதா, தெரியாது. அதனால் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம்: வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக்கைத் தொடுவோம். சந்தேகப்பட்டுக்கொண்டே திரும்புவோம். ரோட்டில் உயிரைக் காப்பாற்றுகிற புத்தி அது. டிராக்கில் அதே புத்தி ஆளைக் கெடுக்கும். சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் பைக் நிமிரப் பார்க்கும், வளைவை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போகும். பைக் நிமிர்ந்திருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்து, கையை மெல்ல விட்டபடி சாய்த்து, பிறகு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். முப்பது வருஷ வைக்கோல் பயம் கையை விட்டுப் போக வேண்டுமே.

இருங்காட்டுக்கோட்டையில் இந்தத் தப்பை நீண்ட ஸ்ட்ரெயிட் மறைத்துவிடும். வளைவில் விட்டதை என்ஜின் மீட்டுக் கொடுத்துவிட்டதாக ஒரு மயக்கம். செட்டிபாளையத்தில் மறைக்க இடமில்லை. ஒரே தப்பைச் சில நொடிகளுக்கு ஒரு தரம் செய்து செய்து, எனக்கே வெட்கம் வந்து, சனிக்கிழமை நாலாவது செஷனில் கை தானாக அடங்கியது. இருங்காட்டுக்கோட்டைக்கு மூன்று தடவை போயும் வராதது இது.

விழுந்ததும் செட்டிபாளையத்தில்தான். அதையும் சொல்ல வேண்டும். மெதுவான வளைவில் முன் டயர் நழுவி, பைக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கிளட்ச் லீவர் ஒடிந்தது, ஃபுட்பெக் வளைந்தது, லெதர் சூட்டின் முழங்கையில் தடம். பையில் உதிரி லீவர் இருந்ததால் அரை மணியில் சரியானது. திங்கள் நீடாமங்கலம் போனேன். இருங்காட்டுக்கோட்டையில் நான் விழுந்ததில்லை. அந்த வேகத்தில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டி யானையில் திரும்பி வந்தது பைக் மாதிரி இல்லை.

செட்டிபாளையத்துக்கு ஒரு குறை, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 142 கிலோ எம்மாத்திரம். பக்கவாட்டில் தள்ளும்போது நினைத்த கோட்டில் நிற்காது. இருங்காட்டுக்கோட்டையின் குறை வெயில். மே மாதம் அங்கே லெதர் சூட் போட்டால் உள்ளே புழுங்கல் அரிசி அவிக்கலாம். காலையில் 26 வைத்த டயர் காற்று மூன்று செஷனில் 30ஐத் தொடும், இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மோரும் தயிர்சாதமும் இரண்டு ஊருக்கும் இங்கிருந்தே போகும்.

பந்தயமே ஓட்ட வேண்டும் என்கிற தம்பிகளுக்கு என் வாதம் பாதிதான் பொருந்தும். இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் எடுத்து, டிவிஎஸ் 1994 முதல் நடத்துகிற ஒன் மேக் மாதிரியான போட்டிக்குப் போனால் பைக் அவர்களுடையது, எல்லாருக்கும் ஒரே பைக். திங்கள் கவலை இல்லை. 2011ல் கிராண்ட் பிரி 125 சிசி பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் சென்னைப் பையன் சரத்குமார். அந்த வழியில் போக நினைப்பவனுக்கு இருங்காட்டுக்கோட்டையின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாக வேண்டும். 300 சிசிக்கு மேல் வைத்திருப்பவனுக்கும் அதுதான் சரி. செட்டிபாளையத்தில் அவனுக்கு மேல் கியரைப் போட இடம் போதாது.

எங்கள் கூட்டத்து 310காரன் போன வாரம்கூடச் சண்டைக்கு வந்தான். "மாப்ள, உன் பைக் ஓடாததுக்கு டிராக்க சின்னதாக்கச் சொல்றியா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் குட்டி யானை என் மைத்துனனுடையது, இரண்டு பைக் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், வாடகை கிடையாது. குறுவை நடவு முடிந்த கையோடு தஞ்சாவூர்ப் பக்கம்தான் வண்டி திரும்புகிறது. வளைவை விட்டு வெளியே வரும்போது பைக் சட்டென்று இழுக்கட்டும் என்று பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டி வைத்திருக்கிறேன். காற்று அடிக்கும், தெரியும்.