ஏழு வருடக் குரல் செய்தி: பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பயனாளியின் கணக்கு

2018 முதல் இன்றுவரை ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்காமல் நான் பயன்படுத்திவருபவை இரண்டு. ஒன்று பிரஷர் குக்கர். மற்றது வாட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்பும் குரல் செய்தி. குக்கருக்கு இரண்டு முறை கேஸ்கெட் மாற்றியாயிற்று. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. குரல் செய்தியைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். கோவில்பட்டியில் பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். இன்று ஒருத்தி ஷார்ஜாவில் நர்ஸ், ஒருத்தி டொராண்டோவில், நான் சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். பெயரை எழுதினால் இருவருமே கோபித்துக்கொள்வார்கள். என் போனிலேயே அவர்கள் ‘ஷார்ஜா’, ‘டொராண்டோ’ என்றுதான் இருக்கிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நேரில் பேசிக்கொள்ள முடியாதவர்கள் போனில் பேசலாமே என்று கேட்பவர்களுக்கு மூன்று பேரின் கடிகாரத்தையும் காட்ட வேண்டும். டொராண்டோ எங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை அது பத்தரை மணி நேரமாகிவிடும். ஷார்ஜாவுக்கு ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்; ஆனால் அவளுக்கு வாரத்தில் பாதி நாள் இரவுப் பணி. எனக்கோ மாதம் என்பது முப்பது நாள் அல்ல. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி; இரண்டும் அலுவலகத்தில் நான் தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டி வரிக் கணக்குகள். அந்தத் தேதிகளுக்கு முந்தைய நாலைந்து நாள்கள் என்னிடம் யார் என்ன கேட்டாலும் ‘பில் அனுப்பினீர்களா?’ என்றுதான் பதில் வரும். ஏழு வருடத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அழைப்பில் இருந்தது நான்கே முறை. அதில் ஒரு முறை டொராண்டோ பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பே இணையாது. உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச முடியும். அதில் ஒரு வருடம் முயன்றோம். ஒருத்தி மறந்து வாட்ஸ்அப்பில் அழைப்பாள், மற்றவள் மணி அடிக்காமல் காத்திருப்பாள், பிறகு இருவரும் கோபமாக இருப்பார்கள். குரல் செய்திக்கு அங்கே தடையில்லை. 2013 முதலே அந்த வசதி இருந்திருக்கிறது. நாங்கள்தான் ஐந்து வருடம் கழித்து, வேறு வழி இல்லாமல், அதனிடம் வந்து சேர்ந்தோம்.

இதை நான் எங்கே பயன்படுத்துகிறேன் என்பது முக்கியம். மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி விஜயநகர் பஸ் நிலையம், அங்கிருந்து அடையாறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே டீலக்ஸ் பஸ் காலியாக வந்து நின்றாலும் ஏறுவதில்லை. முகப்பில் பிங்க் வண்ணம் பூசிய பஸ் வரும்வரை நிற்பேன். மாதத்தில் எழுநூறு ரூபாய் அளவுக்கு மிச்சம். காலையில் இருபது நிமிடம், மாலையில் சில நாள் நாற்பது நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். இந்த நிற்கும் நேரம்தான் என் தோழிகளின் நேரம். சொந்தமாக ஸ்கூட்டர் வாங்கும் நிலை வந்திருந்தால் எங்கள் நட்பு என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

செலவு என்று பார்த்தால் மிகக் குறைவு. ஆறு நிமிடம் பேசினாலும், நான் பார்த்தவரை, ஒரு எம்பியைச் சுற்றித்தான் வருகிறது. ரீசார்ஜ்தான் வலிக்கிறது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது நான் போட்டுக்கொண்டிருந்த 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. அறுபது ரூபாய்தானே என்பார்கள். 28 நாளுக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். கூடுதல் 780 ரூபாய். கணக்குப் பிள்ளை வேலை பார்ப்பவளிடம் அறுபது ரூபாய்தானே என்று சொல்லக் கூடாது. அடுத்த வருடம் ஏப்ரலில் சிலிண்டருக்கு ஐம்பது ஏறியது. வீட்டு வாடகை பதினொன்றிலிருந்து பதின்மூன்றாயிரம் ஆனது. சட்டத்தில் மூன்று மாத முன்பணம் என்று இருப்பதை வீட்டுக்காரரிடம் சொன்னால், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சட்டத்துக்கு வெளியே ஒரு பதில் வரும்.

இனி வசதிகள். விரலை மேலே தள்ளினால் பதிவு பூட்டிக்கொள்ளும். ஒரு கையில் பை, ஒரு கையில் குடை என்று நிற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கலாம். பாதியில் நிறுத்தி, கடந்து போகும் தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு, மறுபடி தொடரலாம். சுற்றுப்புறச் சத்தமும் சேர்ந்தே போகிறது. இதைக் குறை என்று நினைத்திருந்தேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் சில ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் நின்றபடி ஏழு நிமிடம் பேசி அனுப்பினேன். பின்னால் ஒரு பாட்டி எடைத்தட்டைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். டொராண்டோ அதைத் தன் கணவருக்கு மூன்று முறை போட்டுக் காட்டினாளாம். ஊரில் நிற்பது போலவே இருக்கிறது என்றாள். அந்த நாற்பது, ஐம்பது ரூபாய் மிச்சம் எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டது என்பதை நானும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசியிருந்தேன்.

இந்த வசதியின் பெரிய கோளாறே இதுதான் என்று பிறகு புரிந்தது. நேரில் பேசினால் தொண்டை அடைப்பது தெரியும். இதிலோ அடைத்த பதிவை அழித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி பேசி அனுப்பலாம். மூன்று பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். டொராண்டோ இரண்டு வருடமாகக் கிசுகிசுத்துத்தான் பேசினாள். குழந்தை தூங்குகிறது என்று நினைத்திருந்தேன். வாடகை தாங்காமல் அடுக்ககத்தை விட்டு ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டார்கள். ஹீட்டர் குழாய் வழியாகப் பேச்சு மேலே கேட்கிறது என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார் என்பது 2024 குளிர்காலத்தில்தான் தெரிந்தது. அவளுடைய நீளமான செய்திகளில் மட்டும் டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். சத்தமாகப் பேச அவள் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள்; கடை வாசலில் நிறுத்திய காரின் இண்டிகேட்டர் அது.

இப்போது வேகக் கட்டுப்பாடு. 2021ல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி வந்தது. வந்த நாளில் கொண்டாடினேன். டொராண்டோ ஒரு விஷயத்தைச் சொல்ல ஊரைச் சுற்றி வருபவள். இரண்டு மடங்கு வேகம் அவளுக்காகவே செய்தது போல இருந்தது. பழகிவிட்டது. எல்லாரையும் அதே வேகத்தில் கேட்க ஆரம்பித்தேன்.

2022 ஆகஸ்ட் 19. மறுநாள் 3பி கடைசி நாள். மேசையில் மூன்று கட்சிக்காரர்களின் ஃபைல்கள். ஷார்ஜாவிடமிருந்து ஒரு செய்தி, நான்கு நொடி. இரண்டு மடங்கில் அது இரண்டு நொடி. நன்றாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று காதில் விழுந்தது. சரி என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஷார்ஜா எப்போதும் ‘ஏட்டி’ என்று இழுத்துத்தான் தொடங்குவாள். அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு நொடி ஆகும். சந்தோஷமாக இருந்தால் கடைசி எழுத்து மேலே ஏறும், சலிப்பாக இருந்தால் கீழே இறங்கும். ஏழு வருடத்தில் அந்தச் சொல் இல்லாமல் அவளிடமிருந்து வந்தது அந்த ஒரு செய்திதான். எனக்கு உறைக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து, டொராண்டோ சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஷார்ஜா வேலை பார்த்த இடத்தில் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஊரில் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக, உடன் தங்கியிருந்த ஒருவர் மூலம் வட்டிக்கு வாங்கியிருக்கிறாள். என்னிடம் அப்போது பதினைந்தாயிரம் இருந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கேட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன்” என்றாள்.

எதிராளி குரல் செய்தியைக் கேட்டதும், அனுப்பியவரின் திரையில் அந்தச் சிறிய மைக் நீல நிறமாக மாறும். எழுத்துச் செய்திக்கு நீல டிக்கை அணைத்து வைக்கலாம். குரல் செய்திக்கு அந்தச் சலுகை கிடையாது. அவள் திரையில் மைக் நீலமாகியிருக்கிறது. தன் குரலைக் கேட்ட பிறகும் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் மீது எந்தத் தவறும் இல்லை. அன்று முதல் அவளுடைய செய்திகளுக்கு ஒரு மடங்கு வேகம்தான். டொராண்டோவுக்கு மட்டும் இன்னும் ஒன்றரை, அவளுக்கும் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2021 கடைசியில் என் போன் மழையில் நனைந்து செத்தது. பேக்கப் எடுத்து வைக்காதது என் சோம்பேறித்தனம். மூன்று வருடக் குரல்கள் போயின. மற்றவை போனால் போகட்டும். 2020ல் கொரோனா வார்டிலிருந்து ஷார்ஜா இரவு இரண்டு மணிக்கு அனுப்பிய செய்திகள் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவாள். பாதி புரியாது. புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் சில வரிகள் எனக்கு மனப்பாடமாக இருக்கின்றன, அவ்வளவுதான். அவளிடமும் அவை இல்லை. இப்போது மாதம் ஒரு முறை பேக்கப் எடுக்கிறேன். அதற்கான இடத்துக்காகக் கல்யாணப் புகைப்படங்கள் சிலவற்றை அழித்தேன். வீட்டில் இன்னும் தெரியாது.

தேடும் வசதி எனக்கு இன்றுவரை சரிப்படவில்லை. ‘அந்தப் பல் டாக்டரைப் பற்றி ஒரு நாள் சொன்னாயே’ என்றால், முப்பது செய்திகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். கடலைமிட்டாய் பார்சல் அனுப்ப டொராண்டோ சொன்ன முகவரியைக் குரலிலேயே வைத்திருந்து, கொரியர் கடையில் நின்று எல்லார் முன்னாலும் ஒலிபெருக்கியில் போட்டு எழுதிய அனுபவம் உண்டு. (2020ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாய்தான். மிட்டாயின் விலையைவிட கொரியர் பல மடங்கு. பிறகு அனுப்பவில்லை; அங்கே போகிற யாராவது கிடைத்தால் கொடுத்துவிடுவதுதான்.)

ஆகஸ்ட் சம்பவத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஆளுக்கொரு குரல் செய்தி: சம்பளம் வந்ததா, வாடகை போக, ஊருக்கு அனுப்பியது போக, கையில் எவ்வளவு. ஒரே தடவையில் பேசி, திரும்பக் கேட்காமல் அனுப்பிவிட வேண்டும். அழித்துவிட்டு மறுபடி பேசக் கூடாது. முதல் மாதம் மூன்று பேருக்கும் கூச்சமாக இருந்தது. டொராண்டோ டாலரில் சொல்லிவிட்டு, அதை ரூபாயாக மாற்றிப் பார்க்காதே என்று கெஞ்சினாள். நான் மாற்றிப் பார்த்தேன். வாடகையையும் கழித்துப் பார்த்தேன். அதற்கப்புறம் மாற்றுவதில்லை. ஷார்ஜா இப்போது வேறு மருத்துவமனையில் இருக்கிறாள், சம்பளம் தேதி தவறுவதில்லை. இரண்டு மாதம் முன்பு அவள்தான் எனக்குப் பத்தாயிரம் அனுப்பினாள். திருப்பித் தந்துகொண்டிருக்கிறேன்.

இன்று 10ஆம் தேதி. நாளை ஜிஎஸ்டிஆர்-1. டொராண்டோவின் இந்த மாதச் செய்தி காலையிலிருந்து கிடக்கிறது: ஒன்பது நிமிடம் பன்னிரண்டு நொடி. இன்னும் திறக்கவில்லை, அவள் திரையில் மைக் நீலமாகியிருக்காது. ஆறரை மணிக்கு அடையாறு நிறுத்தத்துக்குப் போய்விடுவேன். பிங்க் பஸ் இன்று சீக்கிரம் வந்துவிடக் கூடாது.