நக்கெட்ஸ்: எட்டு வருடம் கேட்ட பிறகு

வாங்கின புதுசில் எழுதும் விமர்சனங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மிக்ஸியோ இசைத்தட்டோ, நாலைந்து வருடம் கழித்து அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, பரணில் கிடக்கிறதா என்பதுதான் கணக்கு. 'நக்கெட்ஸ்' என்ற அமெரிக்க சைகடெலிக் ராக் (மனதைக் கிறங்கவைக்கும் அறுபதுகளின் ராக் இசை) தொகுப்பு என்னிடம் வந்து எட்டு வருடம் முடிகிறது. பெட்டி இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பாட்டுக்காக அதை எடுக்கிறேன் என்பது முழுக்க மாறிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஜாக் ஹோல்ஸ்மன், லென்னி கே என்ற இளம் இசை எழுத்தாளரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். வந்து சில வருடங்களிலேயே மறந்துபோன நல்ல பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை. அவர் 1965 முதல் 1968 வரை வந்த 27 பாட்டுகளை இரண்டு எல்.பி. தட்டுகளில் அடுக்க, 1972-ல் தொகுப்பு வந்தது. இதே லென்னி கேதான் பிறகு பாடகி பேட்டி ஸ்மித் குழுவில் கிட்டார் வாசித்தவர். 1998-ல் ரைனோ நிறுவனம் அந்த 27-ஐயும் முதல் சி.டி.யில் வைத்து, இன்னும் மூன்று சி.டி.க்களைச் சேர்த்து, மொத்தம் 118 பாட்டுகளாக வெளியிட்டது. என்னிடம் இருப்பது அதுதான். சான் ஹோசேயில் வேலை பார்க்கும் மாமா பையன் அங்கே ஒரு பழைய தட்டுக் கடையில் பிடித்து, சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான்.

முதல் மாதம் தலைகால் புரியவில்லை. முதல் பாட்டே எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் குழுவினுடையது. ஆரம்பத்தில் ஒரு பெரிய வண்டு காதுக்குள் நுழைவது மாதிரி ஒரு சத்தம் வளர்ந்துகொண்டே வரும். அது என்ன சிந்தசைசர் என்று நான் தேடித் திரிந்தேன். கடைசியில் பார்த்தால் வெறும் கிட்டார்தான். டேப்பைத் திருப்பிப் போட்டதில், முன்பு பதிந்திருந்த வாசிப்பு பின்னோக்கி ஓடியிருக்கிறது. தற்செயலாக வந்த சத்தத்தை அப்படியே பாட்டின் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கவுண்ட் ஃபைவ். மாமா பையன் குடியிருக்கும் அதே சான் ஹோசே ஊர்ப் பையன்கள். 'சைக்காட்டிக் ரியாக்‌ஷன்' 1966-ல் அமெரிக்க ஹிட் பட்டியலில் ஐந்தாவது இடம் வரை போனது. நடுவில் தாளம் திடீரென்று இரண்டு மடங்கு வேகம் எடுக்கும்போது, பஸ்ஸில் நின்றபடியே காலால் தட்டுவேன்.

இந்த இரண்டையும் இப்போது நான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறேன். பாட்டுகள் கெட்டுப்போகவில்லை. 118-ஐயும் சுற்றிச் சுற்றிக் கேட்டால் அந்தக் காலத்துச் சமையல் குறிப்பு பிடிபட்டுவிடுகிறது. 1964-ல் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கியதும் ஊருக்குப் பத்துப் பையன்கள் கார் ஷெட்டில் கிட்டாரோடு உட்கார்ந்துவிட்டார்கள். கிட்டாரின் குரலைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல், தூக்கிப்போகக்கூடிய ஆர்கன், உள்ளூர் வானொலி, உள்ளூரிலேயே தட்டு அச்சடிக்க ஒரு சின்னக் கம்பெனி. இந்த நாலும் இருந்தால் ஒரு பாட்டு தயார். ஒரு பாட்டுதான், அதற்கு மேல் அவர்களிடம் இல்லை. நான் செய்த தப்பு, பிடித்த ஒவ்வொரு குழுவின் முழு ஆல்பத்தையும் தேடிப் போனது. பத்தில் ஏழு ஏமாற்றம். மற்றவர்களின் பாட்டுகளை அவசரமாக வாசித்து இடத்தை நிரப்பியிருப்பார்கள்.

சில சமயம் அந்தக் குழுவே ஆல்பத்தில் இருக்காது. எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் பெயரில் 1968-ல் லத்தீன் மொழியில் பாடிய ஒரு திருப்பலி ஆல்பம் வந்தது. எழுதியவர் டேவிட் ஆக்ஸல்ராட். அவர் எழுதிய இசைக்குறிப்புக்குக் குழுவால் ஈடுகொடுக்க முடியாமல், பாதியில் வேறு ஆட்களை வைத்து முடித்தார்கள். சாக்லேட் வாட்ச்பேண்ட் கதை இன்னும் மோசம். நக்கெட்ஸின் முதல் 27-ல் அவர்கள் பெயரில் இருக்கும் பாட்டைப் பாடியது அந்தக் குழுவின் பாடகர் டேவ் அகிலார் இல்லை. தயாரிப்பாளர் அவர் குரலை எடுத்துவிட்டு டான் பென்னட் என்பவரைப் பாடவைத்துவிட்டார். நான் மூன்று வருடம் 'அகிலார் என்னமா பாடுகிறார்' என்று ரசித்தது வேறொருவர் குரலை! அகிலார் பிற்பாடு வானியல் பக்கம் போய், ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் வேலை பார்த்தார். நல்ல முடிவுதான்.

சரி, மிஞ்சியது என்ன என்று கேட்டால் முதலில் தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ். டெக்சஸில் ஆஸ்டின் நகரத்துக் குழு. அங்கே நிறையக் கட்டடங்களில் பன்னிரண்டாவது மாடிக்கு அப்புறம் நேராகப் பதினான்குதான். இல்லாத மாடிக்கு லிஃப்ட் விடுகிறவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நக்கெட்ஸில் இருக்கும் 'யு ஆர் கானா மிஸ் மீ' 1966-ல் பட்டியலில் 55-ஐத் தாண்டவில்லை. ரோக்கி எரிக்ஸன் அதில் பாடுவதைவிட அலறுவதுதான் அதிகம். ஆனால் பாட்டு முழுக்கப் பின்னால் 'டுகுடுகுடுகு' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அது டாமி ஹால் கையில் வைத்திருக்கும் ஜாடி. நம் கடம் மாதிரி தட்டுகிற சமாசாரம் இல்லை. ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வாயால் சத்தம் கொடுக்கிறார்.

முதன்முதலாக ஸ்பீக்கரில் போட்டபோது என் மனைவி பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஏசி பெட்டிக்குப் பின்னாடி மறுபடியும் புறா வந்திருக்குங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது புறாப் பாட்டு. முதல் வருடம் அந்த ஜாடி எனக்கும் இடைஞ்சலாகத்தான் இருந்தது. மூன்றாவது வருடத்தில், கிட்டாரும் டிரம்ஸும் ஒரு தாளத்தில் நேராகப் போக, ஜாடி மட்டும் தன்பாட்டுக்குக் குறுக்கே ஓடுவதுதான் அந்தக் கிறக்கத்துக்கே காரணம் என்று உறைத்தது. இப்போது ஜாடி இல்லாத பாட்டாக இருந்தால் ஏதோ உப்புக் குறைந்த மாதிரி இருக்கிறது. இவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களையும், 1966-ல் வந்ததையும் 1967-ல் வந்த 'ஈஸ்டர் எவ்ரிவேர்' ஆல்பத்தையும், முழுசாகக் கேட்கலாம்.

இந்த இரண்டையும் வாங்குவதாக இருந்தால் மோனோ (இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்) பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மோனோவில் எல்லாம் ஒரே கட்டியாக வந்து முகத்தில் மோதும். ஸ்டீரியோவில் அந்த அடர்த்தி எனக்குக் கிடைக்கவில்லை.

ரோக்கியின் கதையைப் படித்த பிறகு அந்த அலறலைப் பழையபடி கேட்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1969-ல் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டோடு பிடிபட்டார். சிறைக்குப் பயந்து, மனநிலை சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்ததில், மனநலக் காப்பகத்தில் மின்னதிர்ச்சி வரை போய், 1972-ல்தான் வெளியே வந்தார். பல வருட முடக்கத்துக்குப் பிறகு, அவர் தம்பி பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டதில் 2005 வாக்கில் மறுபடி மேடை ஏறினார். 2019 மே மாதக் கடைசியில் இறந்தார்.

நக்கெட்ஸ் என்னைக் கொண்டுபோய் விட்ட இடங்களில், அதில் இல்லாத குழுக்களும் உண்டு. அதில் முதலிடம் சில்வர் ஆப்பிள்ஸ் குழுவுக்கு. நியூயார்க்கில் இரண்டே பேர். டேனி டெய்லர் டிரம்ஸ். சிமியன் காக்ஸ், ஒலி அதிர்வுகளை எழுப்பும் ஒன்பது ஆஸிலேட்டர்களையும் 86 கட்டுப்பாடுகளையும் கோத்துத் தன் பெயரிலேயே ஒரு யந்திரம் செய்து வைத்திருந்தார். கை, முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அதை இயக்குவார். அடித்தொனியான பேஸ் மட்டும் காலால். 1968-ல் இப்படி ஒரு சத்தம் வந்திருக்கிறது என்றால் நம்புவது கஷ்டம். நேற்று யாரோ லேப்டாப்பில் செய்த மாதிரி இருக்கும். அடுத்த வருடம் வந்த 'கான்டாக்ட்' ஆல்பத்தின் அட்டையில் பான் ஆம் விமானத்தின் விமானி அறையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பின்னட்டையில் ஒரு விமான விபத்தின் சிதிலம். பான் ஆம் சும்மா விடுமா? வழக்குப் போட்டது, குழுவின் கதை அதோடு முடிந்தது. பாதியில் நின்ற மூன்றாவது ஆல்பம் 1998-ல்தான் வெளியானது. பாடுவது சிமியனுக்கு அவ்வளவாக வராது. அந்தத் தட்டைக் குரல்தான் யந்திரத்துக்குப் பொருந்துகிறது என்று நான் சொல்வேன், நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. குழுவின் பெயரே இதுதான். பெயர் வைத்த ஜோசப் பேர்டைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கிறது, ஏனென்றால் தேடல் பெட்டியில் இதைத் தட்டினால் தேசிய கீதமும் ராணுவ பேண்டும்தான் வரும். பாடகி டோரதி மாஸ்கோவிட்ஸ் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். 1968-ல் ஒரே ஒரு ஆல்பம், அதில் கிட்டாரே கிடையாது. மின் வயலினும் சத்தத்தைத் திரிக்கிற கருவிகளும்தான். முதல் பாட்டில் இரண்டு அணிவகுப்பு பேண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நடந்துபோகும். மேலே மோனோ என்று அடித்துச் சொன்ன நானே சொல்கிறேன், இதற்கு ஸ்டீரியோவும் நல்ல ஹெட்போனும் கட்டாயம்.

மோபி கிரேப் குழுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1967-ல் கொலம்பியா நிறுவனம் ஒரே நாளில் ஐந்து சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளை) இறக்கி, எதை ஒலிபரப்புவது என்று வானொலிக்காரர்களையே குழப்பிவிட்டது. ஐந்து பேரும் பாடுவார்கள், ஐந்து பேரும் எழுதுவார்கள். முதல் ஆல்பம் நிச்சயம் கேளுங்கள். அந்தக் குழுவின் ஸ்கிப் ஸ்பென்ஸ், மனம் கலங்கிச் சில மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்து, நாஷ்வில்லில் தனியாளாக எல்லாக் கருவிகளையும் வாசித்துப் பதிந்த 'ஓர்' (Oar) ஆல்பம் 1969-ல் வந்தது. அதை வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் என்னால் கேட்க முடிவதில்லை. பக்கத்து அறையில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதை ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும்.

குறைகள் என்று பார்த்தால், மாதச் சந்தா கட்டிக் கேட்கும் செயலி ஒன்றில் கெலைடோஸ்கோப் என்று தேடி, இரண்டு வாரம் இங்கிலாந்துக் குழுவைக் கேட்டுவிட்டு, 'டேவிட் லிண்ட்லி வாசிப்பு எங்கே?' என்று விழித்தேன். அதே பெயரில், அதே காலத்தில் இரண்டு குழுக்கள். நான் தேடியது லிண்ட்லி வாசித்த கலிஃபோர்னியாக் குழுவை, செயலி இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருந்தது. ஒருமுறை ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து ஒரு வினைல் தட்டு தருவித்தேன். அப்பளம் மாதிரி வளைந்து வந்தது, திருப்பி அனுப்பும் செலவு தட்டின் விலையைவிட அதிகம். அதோடு வினைல் ஆசையை விட்டுவிட்டேன்.

இந்தப் பெட்டியின் பெரிய பலம் கூட வருகிற சிறுபுத்தகம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஊர், வருடம், கம்பெனி எல்லாம் இருக்கிறது. செயலியில் இது கிடைப்பதில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெட்டி முழுவதற்கும் காசு போட வேண்டாம். முதல் 27-ஐ மட்டும் ஒரு மாதம் கேளுங்கள், அப்புறம் நேராக எலிவேட்டர்ஸ், சில்வர் ஆப்பிள்ஸ் என்று இறங்கிவிடலாம். மீதி மூன்று சி.டி.யில் நல்லவை இருக்கின்றன, ஆனால் உமி நிறைய ஊத வேண்டும். நாலாவது சி.டி.யை நான் இன்னும் ஒரே மூச்சில் கேட்டு முடித்ததில்லை.