இஸ்தான்புல் அறிவியல் வரலாற்று மியூசியம்: ஆள் பெயரோடு ஊர்ப் பெயரையும் படியுங்கள்

எங்கள் சுற்றுலாத் திட்டத்தில் இந்த இடமே இல்லை. கடைசி நாள் காலையை ஷாப்பிங்குக்கு என்று விட்டிருந்தார்கள். கூட வந்தவர்கள் கிராண்ட் பஜாருக்குக் கிளம்ப, நான் டிராம் ஏறி குல்ஹானே நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். டோப்காபி அரண்மனையை ஒட்டிய பூங்கா அது. மதிலோரமாக நடந்தால் நீளமாக ஒரு பழைய கட்டடம் வரும். ஒரு காலத்தில் சுல்தானின் குதிரை லாயம். இப்போது இஸ்லாமிய அறிவியல், தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம்.

இருபத்தாறு வருடமாக அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். கலிலியோ, நியூட்டன் என்று தொடங்கியே பழகிய எனக்கு, அவர்களுக்குப் பல நூறு வருடம் முந்தைய கருவிகளை வரிசையாகப் பார்த்ததும் கால் நகரவில்லை. ஒரு மணி நேரம் என்று நினைத்துப் போனவள் மூன்றரை மணி நேரம் இருந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருப்பவை நகல்கள். 'அசல் இல்லையே' என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. பழைய கையெழுத்துச் சுவடிகளில் உள்ள படங்களையும் விளக்கங்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திரும்பச் செய்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர் ஃபுவாட் செஸ்கின். 1960-ல் துருக்கி ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது 147 பல்கலைக்கழக ஆசிரியர்களை நீக்கியது. அதில் இவரும் ஒருவர். ஜெர்மனிக்குப் போனார். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1982-ல் அரபு-இஸ்லாமிய அறிவியல் வரலாற்றுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே உருவான மாதிரிகள்தான் இவை. 2008-ல் இந்த மியூசியம் திறந்தபோது அவருக்கு 83 வயது. வேலையைப் பறித்த நாட்டுக்கே வாழ்நாள் உழைப்பைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். 2018-ல் இறந்தார். இதே பூங்காவில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். உள்ளே போவதற்கு முன் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் நேராக அல்-ஜசாரியின் யானைக் கடிகாரத்துக்குப் போய்விடலாம். 1206 வாக்கில் எழுதி முடித்த நூலில் அவர் விவரித்த கருவி. யானையின் வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி, அதில் அடியில் ஓட்டை போட்ட கிண்ணம். கிண்ணம் நிறைந்து மூழ்கும்போது மேலே உள்ள பொம்மைகள் அசையும். நம் ஊர் நாழிகை வட்டில் இதே தத்துவம்தான்.

அப்புறம் வானியல் பகுதி. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அல்-பத்தானி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். ஓர் ஆண்டின் நீளம் 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 நொடி என்று கணக்கிட்டவர். இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் இரண்டரை நிமிடத்துக்குள்தான் வித்தியாசம். கோபர்நிகஸ் தன் நூலில் இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நாம் வகுப்பில் எழுதும் 'சைன்' என்ற சொல் சமஸ்கிருத 'ஜ்யா'விலிருந்து அரபுக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. அந்த சைனை வைத்துக் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் இவர். எங்கே உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்? ரக்காவில். 877 முதல் நாற்பது வருடத்துக்கு மேல்.

ரக்கா. இந்தப் பெயரை நான் செய்தியில்தான் கேட்டிருக்கிறேன். ஐ.எஸ். அமைப்பு தலைநகராக வைத்துக்கொண்டு மக்களை வதைத்த சிரிய ஊர். 2017-ல் அவர்களிடமிருந்து மீட்கிறோம் என்று அமெரிக்கக் கூட்டணி குண்டு போட்ட ஊர். அந்தச் சண்டையில் கூட்டணியின் தாக்குதலில் மட்டும் 1,600-க்கு மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டம்.

அதற்கப்புறம் என்னால் ஆள் பெயரை மட்டும் படிக்க முடியவில்லை. ஊரைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

மருத்துவப் பகுதியில் கண் சிகிச்சைக் கருவிகளைப் பார்த்தபோது அம்மார் அல்-மௌசிலி நினைவுக்கு வந்தார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுத்தவர். என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்த நாளில் வெளியே காத்திருந்தபோதுதான் அவரைப் பற்றி முதலில் படித்தேன். மௌசிலி என்றால் இராக்கில் உள்ள மோசூல்காரர். 2014-ல் ஐ.எஸ். பிடித்த அந்த ஊரில் பல்கலைக்கழக நூலகம் எரிந்து கருகிப்போனது. பின்னால் இளைஞர்கள் இடிபாட்டுக்குள் இறங்கி, மிஞ்சிய புத்தகங்களைக் கையால் அள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். 2022-ல் நூலகத்தைத் திரும்பத் திறந்தார்கள். மோசூலைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

டமாஸ்கஸ், இப்னு அல்-ஷாத்திரின் ஊர். உமையா மசூதியில் தொழுகைக்கு நேரம் கணித்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் போட்ட கணக்கும், ஒன்றரை நூற்றாண்டுக்கு அப்புறம் கோபர்நிகஸ் போட்ட கணக்கும் ஒன்றேதான். வேதியியல் பகுதியில் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் குடுவைகள் அவ்வளவு அழகு. ஆனால் அங்கே நிற்கும்போதும் டமாஸ்கஸ்தான் மனதில் ஓடியது. 2013 ஆகஸ்டில் அந்த ஊரின் புறநகரான கூத்தாவில் சாரின் நச்சு வாயு வீசப்பட்டதை ஐ.நா. குழு உறுதி செய்தது. தூக்கத்தில் செத்த குழந்தைகளின் படங்களை நாமும் பார்த்தோம்.

பாக்தாதைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை உள்ளே வந்த நாட்களில் தேசிய நூலகம் எரிந்தது.

அல்-பிரூனியிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். மலை உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, பூமியின் ஆரத்தையே கணக்கிட்டவர். அதை அளந்த நந்தனாக் கோட்டை இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. கஜினி முகமதுவின் படை பிடித்த கோட்டை அது. அதாவது அரசர் போர் செய்து பிடித்த இடத்தில் இவர் விஞ்ஞானம் செய்தார். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், முகமதுவின் படையெடுப்புகள் இங்குள்ள மக்களைத் தூசியாகச் சிதறடித்துவிட்டன, அதனால்தான் அவர்களுடைய அறிவியல் காஷ்மீருக்கும் காசிக்கும் விலகிப் போய்விட்டது என்று பதிவு செய்திருக்கிறார். அந்த அரசவையிலேயே இருந்தவர் இப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அவர் வாழ்ந்து முடிந்த கஜினி ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. அங்கே 2021 செப்டம்பரிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் அவர்களுக்குச் சாத்திவிட்டார்கள். என் வகுப்பில் வருடத்துக்கு அறுபது பிள்ளைகள் பிரூனியின் கணக்கு மாதிரிக் கணக்குகளைப் போடுகிறார்கள். அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தடை. எனக்கு இதைத் தாங்க முடியவில்லை.

காசாவைச் சேர்ந்த யாரையும் அன்று நான் அங்கே பார்க்கவில்லை. ஆனாலும் மனம் அங்கே போனது. காசா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சுஃபியான் தாயே ஓர் இயற்பியலாளர். 2023 டிசம்பரில் இஸ்ரேலின் வான் தாக்குதலில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அவரிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருப்பார்கள்?

சரி, போகிறவர்களுக்கு. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். விளக்கங்கள் ஆங்கிலத்திலும் உண்டு. காலையிலேயே போய்விட்டால் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படிக்கலாம். ஒளியியல் பகுதியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம், பார்வை என்பது கண்ணுக்குள் வரும் ஒளி என்று நிறுவியவர், அங்கே இருக்கிறார். ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

வெளியே வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, என் நோட்டில் ஊர்களை மட்டும் வரிசையாக எழுதினேன். பதினோராம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடம் அளவீட்டியல். ஜூனில் பள்ளி திறந்ததும் கரும்பலகையில் முதலில் ரக்கா என்றுதான் எழுதப் போகிறேன். பிள்ளைகள் அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். மேப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.